படிக்கத் தெரிகிறது, நேரம்தான் போதவில்லை: கற்றல் குறைபாடு எது, சான்றிதழால் ஆவது என்ன

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாராகும் பருவம் வந்துவிட்டால், கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் மாவட்டப் பெற்றோரிடையே ஒரு பேச்சு பரவத் தொடங்குகிறது. வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியா இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கிவிட்டால் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும், ஒரு மொழிப்பாடம் எழுதவே வேண்டாம் என்பது அந்தப் பேச்சின் சாரம். கூடவே குழப்பங்களும் பரவுகின்றன. இது மந்தபுத்திக்குத் தரும் சலுகை என்று சிலர் நினைக்கிறார்கள். சுமாராகப் படிக்கும் எந்தப் பிள்ளைக்கும் கேட்டால் கிடைக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். சான்றிதழ் வாங்கினால் நாளைக்கு வேலையும் கிடைக்காது, பெண்ணும் கிடைக்காது என்று அஞ்சி, உரிமையுள்ள பிள்ளைக்கும் கேட்காமல் விடுபவர்களும் உண்டு.

இவை மூன்றும் தவறு. இவற்றைவிடப் பெரிய தவறு, மூன்றாம் வகுப்பில் செய்திருக்க வேண்டியதை விட்டுவிட்டு, பத்தாம் வகுப்பில் கிடைக்கும் தாள் அதை ஈடுகட்டிவிடும் என்று எண்ணுவது. சான்றிதழ் தேர்வறையில் நேரம் வாங்கித் தரும். வாசிக்கக் கற்றுத் தராது. இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டும் வேறு வேறு.

கற்றல் குறைபாடு என்பது எது

பார்வையும் செவியும் நன்றாக இருந்து, அறிவுத்திறன் தன் வயதுக்குரிய சராசரி அளவிலோ அதற்கு மேலோ இருந்து, முறையாகப் பள்ளிக்கும் சென்று வரும் ஒரு பிள்ளைக்கு, வாசித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ மட்டும் தொடர்ந்து கைவராமல் இருப்பதையே குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்கிறோம். ‘குறிப்பிட்ட’ என்ற அடைமொழி இங்கே அலங்காரத்துக்கு இல்லை. பிள்ளையின் பொது அறிவுத்திறனில் கோளாறு இல்லை. ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான் சிக்கல்.

வாசிப்பில் வரும் சிக்கலை டிஸ்லெக்சியா என்றும், எழுத்தில் வருவதை டிஸ்கிராபியா என்றும், எண்ணிலும் கணக்கிலும் வருவதை டிஸ்கால்குலியா என்றும் அழைக்கிறார்கள். டிஸ்லெக்சியா என்ற பெயரை 1887இல் ருடால்ப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் வைத்தார். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், நன்றாகப் பேசி, கணக்கும் போடத் தெரிந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வாசிப்பு மட்டும் வராததை மருத்துவ இதழில் பதிவு செய்தார். ‘கற்றல் குறைபாடு’ என்ற பொதுப்பெயர் 1963இல் அமெரிக்கக் கல்வியாளர் சாமுவேல் கிர்க் வழியாகப் பரவியது. எனவே இது செல்போன் காலத்து நோயும் அன்று, ஆங்கிலவழிப் பள்ளிகள் கொண்டுவந்ததும் அன்று.

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு வகைப்பாட்டுக் கையேடு, பல மொழிகளிலும் பண்பாடுகளிலும் பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 விழுக்காட்டினருக்கு இது இருப்பதாகச் சொல்கிறது. 40 பேர் உள்ள ஒரு வகுப்பறையில், குறைந்த மதிப்பீட்டை எடுத்துக்கொண்டாலே, இரண்டு பேர். இது மூளை எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் விதத்தில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு. குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் உண்டு. “அவங்கப்பனும் இப்படித்தானுங்க, எட்டாவதோட நிறுத்தீட்டாரு” என்று ஒரு தாய் சொல்லும்போது பள்ளிக்கூடம் அதைக் குடும்பத்தின் அக்கறையின்மையாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் மதிப்பீட்டாளர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டிய தகவல் அதுதான்.

கற்றல் குறைபாடு அல்லாதவை

மதிப்பெண் குறைந்த பிள்ளைகள் எல்லோருக்கும் கற்றல் குறைபாடு இல்லை. கீழ்க்கண்டவற்றை விலக்கிய பிறகே அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

1. பார்வைக் குறையும் செவிக் குறையும். கரும்பலகை தெரியாத பிள்ளைக்குக் கண்ணாடி வேண்டும். அடிக்கடி காதில் சீழ் வைத்த பிள்ளைக்குச் செவிச் சோதனை வேண்டும். இது எளிய காரியம், ஆனாலும் பல வீடுகளில் கடைசியாகத்தான் நடக்கிறது.

2. மெல்லக் கற்போர். பள்ளிகள் இந்தப் பெயரில் ஒரு பட்டியல் வைத்திருக்கின்றன. பொதுவான அறிவுத்திறனே சராசரிக்குச் சற்றுக் கீழே இருக்கும் பிள்ளைகளும், கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளும் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கிறார்கள். இருவருக்கும் உதவி தேவை, ஆனால் ஒரே உதவி அல்ல.

3. கற்றல் இடைவெளி. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் முதல் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு எழுத்தே சொல்லித் தரப்படவில்லை. அந்த இடைவெளியை அடைக்கத் தமிழக அரசு 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. கற்றல் இடைவெளி உள்ள பிள்ளை, நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் சில மாதங்களில் எட்டிப் பிடித்துவிடும். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை அதே பாடத்தை அதே ஆசிரியரிடம் கேட்டும் பின்தங்கியே நிற்கும். அதனால்தான், குறைந்தது ஆறு மாதம் முறையான உதவி தந்தும் சிக்கல் தொடர்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது மேற்சொன்ன கையேடு.

4. வீட்டு மொழி வேறாக இருப்பது. கொங்கு நாட்டில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்தியோ ஒடியாவோ பேசிக்கொண்டு தமிழ்வழிப் பள்ளியில் அமர்கிறார்கள். தாளவாடி மலையில் கன்னடம், ஆனைகட்டிப் பக்கம் இருளர் மொழி, கோவையிலும் ஈரோட்டிலும் எத்தனையோ வீடுகளில் தெலுங்கும் கன்னடமும். புதிய மொழியில் தடுமாறுவது குறைபாடு ஆகாது. அதேசமயம், வேற்றுமொழிப் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கலாம் என்பதை மறந்து, எல்லாப் பழியையும் மொழியின் மேல் போட்டுவிடவும் கூடாது.

கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. என்பது வேறொரு நிலை. ஆனால் கற்றல் குறைபாடு உள்ளவர்களில் கணிசமானோருக்கு அதுவும் உடன் இருக்கிறது என்பதால் இரண்டையும் சேர்த்தே சோதிப்பது வழக்கம்.

தமிழ் எழுத்தில் அது ஒளிந்துகொள்ளும் விதம்

டிஸ்லெக்சியா பற்றி நம் ஊரில் புழங்கும் செய்திகளில் பெரும்பகுதி ஆங்கில வாசிப்பை வைத்து எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்குப் பல ஒலி, ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டு. எனவே குறைபாடுள்ள பிள்ளை தவறாக வாசித்து உடனே மாட்டிக்கொள்ளும். தமிழில் எழுதியிருப்பதை ஏறக்குறைய அப்படியே ஒலித்துவிடலாம். வல்லினத்தின் ஒலி மட்டும் இடத்துக்கேற்ப மாறும். மற்றபடி எழுத்து ஏமாற்றுவதில்லை. ஆகவே தமிழ்ப் பிள்ளை பெரும்பாலும் சரியாகவே வாசிக்கும். மெதுவாக வாசிக்கும். அங்கேதான் ஆசிரியர் ஏமாந்துபோகிறார்.

இதற்கு வலுவான சான்று 2001இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு. டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில மாணவர்களை ஒப்பிட்டபோது, எழுத்தும் ஒலியும் நன்கு பொருந்தும் இத்தாலிய மொழிக்காரர்கள் மற்ற இருவரையும்விடச் சரியாக வாசித்தார்கள். ஆனால் வாசிக்கும்போது மூளையின் இடப்பக்கத்தில் இயக்கம் குறைந்து காணப்பட்டது மூவருக்கும் ஒரே மாதிரிதான். குறைபாடு ஒன்று, மொழிக்கு மொழி அது வெளிப்படும் முகம் வேறு. தமிழ் இந்த வகையில் இத்தாலிய மொழியின் பக்கம் நிற்கிறது.

ஆனால் தமிழுக்கென்று தனிச் சுமைகளும் உண்டு. எழுத்துகள் 247. கன்னடம் போன்ற அசையெழுத்து மொழிகளில் நடந்த ஆய்வுகள், எழுத்து முழுவதும் கைவருவது நான்காம், ஐந்தாம் வகுப்பு வரை நீளக்கூடும் என்று காட்டியிருக்கின்றன. மெய்க்குப் பின்னால் ஒலிக்கும் உயிருக்கு, ‘கெ’, ‘கே’, ‘கை’ என்று குறியீடு முன்னால் வந்து நிற்கிறது. ‘கொ’, ‘கோ’ இரண்டிலும் மெய்யின் இருபுறமும் நிற்கிறது. போதாததற்கு, பிள்ளை வீட்டில் பேசும் தமிழ் வேறு, புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறு. ‘வந்துட்டாருங்க’ என்று பேசும் வாய், ‘வந்துவிட்டார்’ என்று வாசிக்க வேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக, நான்காம் வகுப்பில் ஆசிரியர் ஒரு தொடரைச் சொல்லி எழுதச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்:

அப்புச்சி சந்தைக்குப் போய் வெல்லம் வாங்கி வந்தார்.

முதல் பிள்ளையின் நோட்டில் இப்படி இருக்கிறது: ‘அப்புச்சி சந்தைக்கு போய் வெள்ளம் வாங்கிட்டு வந்தாரு.’

இரண்டாம் பிள்ளையின் நோட்டில் இப்படி: ‘அபுசி சதைகு போய் வெலம் வங்கி வதர்.’

இரண்டு நோட்டிலும் சிவப்பு மையால் பிழை சுழிக்கப்படும். ஆனால் முதல் பிள்ளைக்கு எந்தக் குறைபாட்டுக்கும் அறிகுறி இல்லை. லகர ளகரம் மாறியிருக்கிறது; பேச்சில் அந்த வேறுபாடு மங்கிப்போன வீட்டில் அது இயல்பு. முடிவு பேச்சுவழக்கில் இருக்கிறது. வல்லொற்று விடுபட்டிருக்கிறது, அதை விடுபவர்களின் வரிசையில் நாளிதழ் விளம்பரங்களும் நிற்கின்றன. காதில் கேட்டதை அந்தப் பிள்ளை அப்படியே எழுத்தாக்கியிருக்கிறது.

இரண்டாம் நோட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். விடுபட்டவை ப், ச், ந், க், மீண்டும் ப், ல், மீண்டும் ந், பிறகு இரண்டு கால்கள். சொல்லின் நடுவிலுள்ள ஒற்றுகளில் ‘ங்’ தவிர மற்றவை போய்விட்டன, ‘வா’, ‘தா’ என்ற நெடில்கள் குறிலாகிவிட்டன. இலக்கணத்தில் மாத்திரை என்று படிக்கிறோமே, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று, அந்தக் கால அளவில்தான் அத்தனை பிழையும் விழுந்திருக்கிறது. சொல்லை ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நினைவில் பிடித்து, வரிசை கெடாமல் எழுத்தில் இறக்கும் வேலை அங்கே நடக்கவில்லை. ஒரு நாள் நோட்டில் இப்படி இருந்தால் அதற்குப் பொருளில்லை. வகுப்பில் மற்றவர்கள் இதைத் தாண்டிப் போன பிறகும், மாதக்கணக்கில், எல்லாச் சொல்லிலும் இப்படியே இருந்தால் அப்போது மதிப்பீடு தேவை.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஓர் எளிய ஒப்பீடு உண்டு. பாடத்தில் ஒரு பத்தியைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லி அதிலிருந்து நான்கு கேள்வி கேளுங்கள். இன்னொரு நாள் அதே அளவுள்ள வேறொரு பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேளுங்கள். கேட்டால் எல்லாவற்றுக்கும் விடை வருகிறது, தானே வாசித்தால் வரவில்லை என்றால், பொருள் புரிந்துகொள்ளும் திறனில் சிக்கல் இல்லை, எழுத்தைக் கடப்பதில்தான் சிக்கல் என்று தெரிந்துகொள்ளலாம். வண்டி பழகும் ஒருவர் ஒவ்வொரு முறையும் கியரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் சாலையைப் பார்க்க முடியாது; எழுத்துக்கூட்டுவதிலேயே கவனம் முழுதும் செலவாகும் பிள்ளைக்குப் பொருளில் வைக்கக் கவனம் மிஞ்சுவதில்லை. “வாயில கேட்டா எல்லாம் சொல்றானுங்க, எழுதச் சொன்னாத்தான் வர மாட்டேங்குதுங்க” என்று பெற்றோர் ஆசிரியரிடம் சொல்வது சாக்கு அல்ல; துல்லியமான அறிகுறி.

ப-வைத் திருப்பிப் போடுகிறான், எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல எழுதுகிறான் என்பவை ஐந்தாறு வயதில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கணக்கைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. ‘நானூற்று இரண்டு’ என்றால் 4002 என்று எழுதும் பிள்ளை, 400 எழுதி அதன் பக்கத்தில் 2 எழுதியிருக்கிறது. இரண்டாம் வகுப்பில் இது பலருக்கும் வரும். ஐந்தாம் வகுப்பிலும் தொடர்ந்து, 7 பெரிதா 9 பெரிதா என்பதற்கே விரல் விட வேண்டியிருந்தால், வாய்ப்பாட்டைத் திணிப்பதில் பயனில்லை. எண்ணின் அளவு பற்றிய உணர்விலேயே பயிற்சி தேவை.

ஒன்பதாம் வகுப்பு வரை யாரும் பார்க்காதது ஏன்

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்ற நடைமுறை தமிழ்நாட்டில் இருக்கிறது. அது நல்ல நடைமுறை; தோல்வி கண்டு பிள்ளை பள்ளியை விட்டுப் போவதைத் தடுக்கிறது. ஆனால் தேர்ச்சி என்ற சொல்லே போதும் என்று வீடும் பள்ளியும் இருந்துவிட்டால், வாசிக்காமலே ஒரு பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேர்ந்துவிடும். கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் இன்னும் சிரமம்: பாடத்தைக் கேட்டே மனத்தில் வாங்கி, பக்கத்தில் இருப்பவன் வாசிப்பதைக் கேட்டுத் திருப்பிச் சொல்லி, ஆறாம் வகுப்பு வரை சமாளித்துவிடும்.

அடுத்த காரணம் ஆங்கிலவழி. அங்கே பிள்ளை தடுமாறினால், இங்கிலீஷ் வரவில்லை என்று தமிழ்வழிக்கு மாற்றுகிறார்கள். தமிழில் மெதுவாகவாவது வாசிப்பதால் சிக்கல் தீர்ந்ததாகத் தோன்றுகிறது. தீரவில்லை, மறைந்திருக்கிறது.

மூன்றாவது காரணத்தைச் சொல்லாமல் கொங்கு நாட்டுக் கல்வியைப் பேச முடியாது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பொதுத்தேர்வு மதிப்பெண்ணுக்குப் பெயர் பெற்றவை. மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். விடியற்காலை முதல் இரவு வரை ஸ்டடி அவர், தினமும் ஒரு தேர்வு, மதிப்பெண் குறைந்தால் விடையைப் பத்து முறை எழுத வேண்டும். சராசரிப் பிள்ளைக்கு இந்த முறை மதிப்பெண்ணைக் கூட்டக்கூடும். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கோ, எது வரவில்லையோ அதையே அளவைப் பெருக்கித் தருவதாகிறது. மௌனமாக உட்கார்ந்து தானே வாசிக்கும் நேரத்தில் அந்தப் பிள்ளை பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறது. பத்து முறை எழுதும்போது தவறான எழுத்துக்கூட்டலைப் பத்து முறை பழகுகிறது. விடுதியில் போட்டால் சரியாகிவிடுவான் என்ற முடிவை எடுக்கும் முன், மதிப்பீடு முடிந்திருக்க வேண்டும்.

திருப்பூரில் நிலைமை வேறு. தாயும் தந்தையும் ஒன்றரை ஷிப்ட் பார்த்து இரவு வீடு திரும்பும் குடும்பத்தில் நோட்டைத் திறந்து பார்க்கவே ஆளில்லை. படிப்பு ஏறவில்லை என்று முடிவான பிள்ளைக்குப் பனியன் கம்பெனியில் கைமடியோ செக்கிங்கோ ஏதாவது ஒரு வேலை எளிதில் கிடைத்துவிடுவதால், இடைநிற்றலும் யாருக்கும் பெரிய சேதியாகத் தெரிவதில்லை.

சட்டம் தருவது

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊனப் பட்டியலில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதைச் சேர்த்தது. பட்டியல் 7லிருந்து 21 ஆனது. 2017 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் நமக்குத் தேவையானவை:

1. பிரிவு 16: பிள்ளைகளின் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் முறைகளைக் கைக்கொள்வது, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்களின் கடமை. சலுகையைவிட முக்கியமான பிரிவு இதுதான். இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

2. பாதிப்பு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று சான்றளிக்கப்பட்டவர்களுக்கு, 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடஒதுக்கீடு, அரசுப் பணியில் 4 விழுக்காடு இடஒதுக்கீடு. கடைசியாகச் சொன்னதில் 1 விழுக்காட்டை, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றோடு கற்றல் குறைபாடு பகிர்ந்துகொள்கிறது.

3. எழுத்துத் தேர்வுகளுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல்படி, மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் என்பது இந்தக் கணக்குதான்.

4. தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம், டிஸ்லெக்சியா உள்ள தேர்வர்களுக்குக் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை வழங்கிவருகிறது. பள்ளித் தலைமையாசிரியர் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

நீதிமன்றமும் இதில் உறுதியாகவே நின்றிருக்கிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், 40 விழுக்காடு என்ற எல்லையைத் தொடாதவருக்கும் எழுதுவதில் உண்மையான சிரமம் இருந்தால் சொல்வதை எழுதுபவரின் உதவி மறுக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2022இல் அதற்கென வழிகாட்டுதலும் வந்தது. 2021 நவம்பரில், டிஸ்கிராபியா உள்ள ஒரு மாணவிக்கு நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் தரப்படாத வழக்கிலும், அது உரிமை மறுப்பு என்று கூறி, இழைத்த அநீதியைச் சரிசெய்ய வழி காணுமாறு தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. மறுதேர்வு மட்டும் தரவில்லை. தேர்வு மையத்தில் இருப்பவர்களுக்கு விதி தெரியாமல் போனால், பின்னால் கிடைக்கும் தீர்ப்பு போன நேரத்தைத் திருப்பித் தராது என்பதற்கு அந்த வழக்கே சாட்சி.

சான்றிதழுக்கான வழி

மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதல்படி 8 வயதுக்கு முன் கற்றல் குறைபாட்டுக்குச் சான்றளிப்பதில்லை. 8 வயதுக்குப் பின் பெற்றதை 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். 18இல் பெறுவது வாழ்நாள் முழுதும் செல்லும். முதலில் பார்வை, செவிச் சோதனை. பிறகு உளவியலாளர் நடத்தும் நுண்ணறிவுச் சோதனை. அதில் சிக்கல் இல்லை என்றால், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் வகுத்த கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு. ஒரே காலையில் பத்து நிமிடத்தில் பார்த்துத் தரும் காரியம் அல்ல இது. அப்படித் தருகிறேன் என்பவரிடம் வாங்கும் தாளை மருத்துவக் குழு ஏற்காது.

எங்கே தொடங்குவது? அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு, மத்திய அரசு 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தைச் சேர்ந்தது. அத்திட்டம் கண்டறிய வேண்டிய நிலைகளின் பட்டியலில் கற்றல் குறைபாடும் உண்டு. அவர்கள் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். சான்றளிப்பது அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். தனியாரிடம் மதிப்பீடு செய்வதாக இருந்தால், அந்த உளவியலாளரும் சிறப்பாசிரியரும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவர்களா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். சிறப்பாசிரியர்களை உருவாக்கும் இடங்கள் நம் பக்கத்திலேயே உள்ளன: கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகமும், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலய வளாகத்தின் சிறப்புக் கல்வித் துறையும்.

பயிற்சியில் எது பலிக்கிறது, எது பணம் பறிக்கிறது

கற்றல் குறைபாட்டுக்கு மருந்து கிடையாது. வல்லாரை லேகியம், ஞாபக டானிக், கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிக்க வைப்பதாகச் சொல்லும் மிட்பிரெய்ன் வகுப்பு எதுவும் வாசிப்பைத் தராது. கண் பயிற்சியும் வண்ணக் கண்ணாடியும் டிஸ்லெக்சியாவுக்குப் பயன்படும் என்பதற்குச் சான்றில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ, கண் மருத்துவ அமைப்புகள் 2009இல் கூட்டாக அறிவித்தன. ஐன்ஸ்டைனுக்கும் இருந்தது என்று சுவரில் ஒட்டும் படத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, பிள்ளைக்கு அதனால் ஓர் எழுத்தும் கூடுதலாக வரப்போவதில்லை.

பலிப்பது, ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாக, வெளிப்படையாக, எதையும் தானாகப் புரிந்துகொள்ளும் என்று விட்டுவிடாமல் சொல்லித் தரும் முறை. அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்காமும் 1930களில் வகுத்த முறையின் வழிவந்ததே இது. பார்ப்பது, கேட்பது, சொல்வது, கையால் தொட்டு எழுதுவது எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1991இல் சென்னையில் தொடங்கிய காலம் முதல் தமிழகத்தில் இதற்கான ஆசிரியர் பயிற்சி நடந்துவருகிறது. ஆங்கிலத்துக்கு வகுத்ததைத் தமிழுக்கு அப்படியே தூக்கிவைக்க முடியாது. தமிழில் எங்கே பிழை விழுகிறதோ அங்கே பயிற்சி அமைய வேண்டும்.

மேலே கண்ட இரண்டாம் நோட்டுக்கு உரியவனுக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

1. எழுதுவதற்கு முன் சொல்லைக் கைதட்டிப் பிரிக்கச் செய்ய வேண்டும். ‘படம்’, ‘பட்டம்’, ‘பாட்டம்’. ‘கடி’, ‘கட்டி’, ‘காட்டி’. நெடிலுக்குக் கையை நீட்டி இழுக்கலாம், ஒற்றுக்கு விரலை மடக்கி ஒரு கணம் நிறுத்தலாம். இலக்கண வகுப்பில் மனப்பாடமாகக் கிடக்கும் மாத்திரை இங்கே கைக்கருவி ஆகிறது.

2. உயிர்மெய் வரிசை 18ஐயும் ஒரே அட்டவணையாகக் காட்டக் கூடாது. ஒரு குறி, நான்கைந்து மெய். அது தடுமாறாமல் வந்த பிறகே அடுத்த குறி. ‘கெ’யும் ‘கே’யும் ஒரே வாரத்தில் வேண்டாம்.

3. நாளுக்கு 20 நிமிடம், தவறாமல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் என்பது ஈடாகாது. பெற்றோருக்கு ஷிப்ட் என்றால் அக்காவோ, அம்மாயியோ, மாலை வகுப்புத் தன்னார்வலரோ உட்காரலாம். ஆள் யார் என்பதைவிட, சிறப்பாசிரியர் வகுத்துத் தந்த வரிசை கலையாமல் நடப்பது முக்கியம்.

4. வாசிப்பு வரும்வரை அறிவு காத்திருக்கக் கூடாது. அறிவியலையும் வரலாற்றையும் வாசித்துக் காட்டுங்கள். பாடநூலின் கியூ.ஆர். குறியீடுகளில் காணொளிகள் உண்டு. கைப்பேசியே தமிழை வாசித்துக் காட்டுகிறது, சொன்னதைத் தமிழில் தட்டச்சும் செய்கிறது. இது குறுக்குவழி என்று ஆசிரியர் நினைப்பார். இதை விட்டால் பிள்ளைக்கு வாசிப்போடு பாடமும் போய்விடும்.

வகுப்பறையில் ஆசிரியர் செய்ய வேண்டியவை சில, செலவில்லாதவை: எல்லோர் முன்னிலும் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்லாதிருத்தல், கரும்பலகையில் இருப்பதை நகலெடுக்கும் வேலையைக் குறைத்தல், வாய்மொழியாக விடை கேட்டல், எழுத்துப்பிழைக்கும் விடைக்கும் தனித்தனியே மதிப்பெண் தருதல். இவ்வளவும் செய்தால் குறைபாடு மறைந்துவிடுமா என்றால், மறையாது. வாழ்நாள் முழுதும் வாசிப்பு சற்று மெதுவாகவே இருக்கக்கூடும். ஆனால் மூன்றாம் வகுப்பில் தொடங்கிய பிள்ளைக்கும் பத்தாம் வகுப்பில் தொடங்கியவனுக்கும் உள்ள இடைவெளி பெரிது. அந்த ஏழு ஆண்டுகளில், தான் மக்கு என்ற எண்ணமும் கூடவே வளர்ந்திருக்கும்.

ஏற்கெனவே ஒன்பது, பத்தில் இருப்பவர்களுக்கு

மூன்றாம் வகுப்பு போய்விட்டது என்பதால் கைவிட வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே மதிப்பீட்டை முடித்துவிட்டால் அவசரமின்றிச் செய்யச் சில காரியங்கள் உண்டு.

மொழிப்பாட விலக்கைக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் வாங்க வேண்டாம். மெதுவாகவாவது எழுத வருகிறது என்றால், கூடுதல் நேரத்தை மட்டும் பெற்றுக்கொண்டு இரு மொழியையும் எழுதுவது பிற்காலத்துக்கு நல்லது. உண்மையிலேயே முடியாது என்றால் தயங்காமல் விலக்குக் கேட்கலாம். சான்றிதழ் வாங்கிவிட்டதாலேயே எல்லா விண்ணப்பத்திலும் அதைக் குறிப்பிட வேண்டிய கட்டாயமும் கிடையாது. சலுகையோ ஒதுக்கீடோ கேட்கும் இடத்தில்தான் அது தேவை. உரிமை வேண்டும்போது எடுத்துக் காட்டலாம், வேண்டாதபோது பீரோவில் இருக்கலாம்.

சொல்வதை எழுதுபவரை வைத்துத் தேர்வு எழுதுவது தனிப் பழக்கம். நிறுத்தற்குறி எங்கே, பத்தி எங்கே, படத்தில் எந்தப் பாகத்துக்கு எந்தப் பெயர் என்று எல்லாவற்றையும் வாயால் சொல்லத் தெரிய வேண்டும். கணக்கில் ஒவ்வொரு படியையும் சொல்ல வேண்டும். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். வாழ்நாளில் முதன்முறையாகப் பொதுத்தேர்வு நாளன்று முன்பின் தெரியாத ஒருவரிடம் இதைச் செய்யும் பிள்ளை, தெரிந்த விடையையும் பாதியில் விட்டுவிட்டு வருகிறது. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே வேறு பாட ஆசிரியர் ஒருவரை அமர்த்தி, கூடுதல் ஒரு மணி நேரத்தோடு, தனி அறையில் எழுத வைக்குமாறு தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்கலாம். தேர்வுத் துறையின் அனுமதி ஆணை வந்ததும் அதன் நகலைப் பிள்ளையின் ஹால் டிக்கெட்டோடு இணைத்து, முதல் தேர்வுக்கு முன்பே தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளரிடம் காட்டிவிடுவது நல்லது.